டிஸ்ரிபியூட்டர் மாற்றிய பின் ரைமிங் வைத்தல்: திருகோணமலையில் ஒரு மொறிஸ் மைனர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பழைய எஞ்சின் ஒன்றில் டிஸ்ரிபியூட்டரை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய கணத்தில் தீப்பொறியை அனுப்பும் பாகம்) மாற்றியதும், கைநூலில் உள்ள பாகை எண்ணுக்கு ரைமிங்கை (தீப்பொறி வரும் கணத்தை) வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று வாகனத்தை அனுப்பிவிடுவது பல கராஜ்களில் வழக்கமாக இருக்கிறது. அந்த எண் தன்னளவில் பிழையானது அன்று. ஆனால் கிராங்கின் முனையிலுள்ள கப்பியில் வெட்டப்பட்டுள்ள குறி பிஸ்ரனின் உண்மையான உச்சியைக் காட்டுகிறதா, திறக்கும்போது தீப்பொறியை உண்டாக்கும் பொயின்ற்றின் இடைவெளி அளவில் இருக்கிறதா, புதிதாகப் பூட்டிய டிஸ்ரிபியூட்டர் எஞ்சின் வேகத்தோடு தீப்பொறியை எவ்வளவு முன்னதாக்குகிறது, அதாவது எவ்வளவு அட்வான்ஸ் சேர்க்கிறது என்ற மூன்றும் உறுதியாகும்வரை அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. இந்த மூன்றும் ஒரே எஞ்சினில் ஒருங்கே பிழைத்திருந்த வாகனம் ஒன்று எமது கராஜுக்கு வந்தது. ஒவ்வொரு பிழையும் மற்றதன் அறிகுறியை மறைத்துக்கொண்டிருந்தமையால், அதைப் பிரித்தறிந்த முறையை இங்கு முழுமையாகப் பதிகிறேன்.

வாகனமும் முறைப்பாடும்

வாகனம் 1098 சிசி எஞ்சின் கொண்ட மொறிஸ் மைனர் 1000. இந்த ஏ-சீரிஸ் எஞ்சின் குடும்பம் 1951 இல் ஒஸ்ரின் ஏ30 காரோடு 803 சிசி அளவில் அறிமுகமானது. மொறிஸ் மைனருக்கு 1956 இல் 948 சிசியும், 1962 இல் 1098 சிசியும் வந்து சேர்ந்தன. இலங்கையில் இக்கார்கள் இன்றும் ஓடுவதற்கு அவற்றின் எளிமையே காரணம் என்பது என் எண்ணம். கையால் சுழற்றி, கண்ணால் பார்த்து, பீலர் கேஜாலும் ஒரு சிறு மின்குமிழாலும் அளந்து சரிசெய்யக்கூடிய எஞ்சின் இது. அதனாலேயே இதற்கு ரைமிங் வைப்பதை ஊகத்திற்கு விடுவது மன்னிக்கத்தக்கதன்று.

உரிமையாளர் உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய முறைப்பாடு மூன்றாக இருந்தது. காலையில் கார் நன்றாக ஸ்ராட் ஆகிறது, ஆனால் சூடான பின் நிறுத்தித் திரும்ப ஸ்ராட் செய்தால் ஸ்ராட்டர் திணறி எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகக் கோட்டைப் பாதையில் ஏறும்போது எஞ்சினுக்குள் சங்கிலி உரசுவது போன்ற நொக்கிங் சத்தம் கேட்கிறது. நீண்ட தூரம் ஓடினால் சூடு ஏறுகிறது.

“தம்பி, புதுசு போட்ட பிறகுதான் இவ்வளவும். பழையது கிடந்த நேரம் ஓட்டம் கொஞ்சம் தளர்வுதான், ஆனா உதைக்கயில்லை,” என்றார்.

“பழையதை எறிஞ்சிட்டீங்களோ, மாஸ்ரர்?” என்று கேட்டேன். எறியவில்லை. டிக்கியில் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். இந்த ஆய்வுக்கு அது மிகவும் உதவிற்று.

முன்னர் நடந்தவை

பழைய டிஸ்ரிபியூட்டர் லூக்காஸ் 25டி4 வகை. அதன் தண்டைப் பிடித்து ஆட்டியபோது பக்கவாட்டில் தெளிவாக அசைந்தது. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் சற்று விலகும். அதனால் பொயின்ற் திறக்கும் கணமும் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். பொயின்ற் தட்டைக் கழற்றிப் பார்த்தால் கீழேயுள்ள, வேகம் கூடும்போது விரிந்து தீப்பொறியை முன்னதாக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்துத் தம் முளைகளில் இறுகியிருந்தன. கடற்காற்று நாள் முழுதும் வீசும் ஊரில் ஆண்டில் ஒரு தடவையேனும் அந்த முளைகளுக்கு ஒரு துளி எண்ணெய் விடாத டிஸ்ரிபியூட்டர்களில் இது எதிர்பார்க்கத்தக்க முடிவுதான். ஆகவே அதை மாற்றிய முடிவு சரியானதே.

மாற்றியது வேறொரு கராஜ். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கப்பட்ட புதிய டிஸ்ரிபியூட்டர், 45டி வகையின் அமைப்பில் செய்யப்பட்ட நகல். முதலில் அவர்கள், தீப்பொறியோடு மின்னிக் குறியைக் காட்டும் ரைமிங் லைற் பிடித்துக் கப்பிக் குறிப்படி கைநூல் எண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். கார் இழுவையின்றி மந்தமாக ஓடியதுடன் சூடும் ஏறியது. மாஸ்ரர் திரும்பக் கொண்டுபோனதும், லைற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சின் ஐட்லிங் எங்கே உயர்கிறதோ அந்த இடம்வரை காதால் கேட்டு டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கிவிட்டார்கள். இழுவை வந்தது, உதையும் நொக்கிங்கும் கூடவே வந்தன.

இந்த வரலாற்றைக் கேட்டபோதே ஒன்று புலனாயிற்று. குறிப்படி வைத்தால் மந்தம், காதால் வைத்தால் உதை என்றால், குறியை முதலில் சந்தேகிக்க வேண்டும். லைற் பிடித்தவர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். அந்த ஒளி விழுந்த குறி சரியானதா என்பதே கேள்வி.

பொயின்ற் இடைவெளியும் கலவையும்

ரைமிங்கைத் தொடுவதற்கு முன் பொயின்ற் இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். இடைவெளி கூடினால் பொயின்ற் முன்னதாகவே திறக்கும், ரைமிங் அட்வான்ஸ் ஆகும். குறைந்தால் பிந்தித் திறக்கும், ரிற்றாட் ஆகும். ரைமிங்கை முதலில் வைத்துவிட்டு இடைவெளியைப் பின்னர் திருத்துகிறவர் தாம் வைத்த ரைமிங்கைத் தாமே கலைக்கிறார். இந்த வகைக்குரிய இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். புதியதில் 0.50 இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்தபடியே பூட்டியிருக்கிறார்கள். 0.38 க்கு வைத்து, பொயின்ற்றைத் திறக்கும் கேமின் நான்கு முனைகளிலும் ஒரே அளவு வருகிறதா என்று பார்த்தோம், வந்தது. புதிய தண்டில் ஆட்டம் இல்லை. கேமில் உரசும் பொயின்ற்றின் குதி புதிதாக இருக்கும்போது விரைவாகத் தேயும், தேய்ந்தால் இடைவெளி குறையும், ஆகவே இரண்டொரு வாரம் ஓடிய பின் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதையும் மாஸ்ரருக்குச் சொல்லிவைத்தோம். கீழே தரப்படும் பாகை எண்கள் யாவும் இந்தத் திருத்தத்தின் பின் எடுக்கப்பட்டவை.

பிளக்குகளைக் கழற்றியபோது அவற்றின் வெண்ணிறக் காப்பு வெளிறி, அதில் மிளகுத்தூள் அளவிலும் சிறிய கரும்புள்ளிகள் சில ஒட்டியிருந்தன. அதிக அட்வான்ஸில் நொக்கிங்கோடு ஓடும் எஞ்சினில் இது தெரியும். ஆனால் கலவை மெலிந்திருந்தாலும் பிளக் வெளிறும். எஸ்யூ காபுரேற்றரின் பக்கத்திலுள்ள சிறு முளையை அழுத்தி அதன் பிஸ்ரனைச் சற்றே உயர்த்தினோம். ஐட்லிங் ஒரு கணம் ஏறிப் பழைய நிலைக்கு வந்தது. கலவை சரி என்பதற்கு அது அடையாளம். மெலிந்திருந்தால் எஞ்சின் தடுமாறி நின்றிருக்கும், கூடியிருந்தால் ஏறிய வேகம் இறங்காமல் நின்றிருக்கும். காபுரேற்றரின் உறிஞ்சலால் பொயின்ற் தட்டை நகர்த்தி அட்வான்ஸ் சேர்க்கும் வெற்றிடக் குழாயை டிஸ்ரிபியூட்டர் பக்கம் வைத்துக்கொண்டு மற்ற முனையை வாயால் உறிஞ்சினால் பொயின்ற் தட்டு நகர்ந்தது, உறிஞ்சலை நிறுத்தியதும் மீண்டது. அந்த உறிஞ்சலுக்கு அசையும் டயபிரம் நல்ல நிலையில் இருந்தது.

வெற்றிட அட்வான்ஸ் குறித்து இங்கேயே ஒரு முடிவுக்கு வர முடிந்தது. நொக்கிங் கேட்டது கோட்டைப் பாதை ஏற்றத்தில், அக்சிலறேற்றர் ஏறக்குறைய முழுதாக மிதிக்கப்பட்ட நிலையில். அந்நிலையில் காபுரேற்றரில் வெற்றிடம் இல்லாத அளவுக்குக் குறைந்துவிடும், வெற்றிட அட்வான்ஸும் அதோடு விலகிவிடும். ஆகவே ஏற்றத்தில் கேட்கும் நொக்கிங்கிற்கு வெற்றிடப் பகுதியைக் குற்றம் சொல்ல இயலாது. மிஞ்சுவன இரண்டு: டிஸ்ரிபியூட்டர் உடல் நின்ற இடமும், உள்ளே எடைகள் தரும் அட்வான்ஸும்.

உச்சிப் புள்ளியைத் தேடுதல்

இந்த எஞ்சினின் ரைமிங் கவரில் மூன்று முள்கள் உள்ளன. நீளமானது உச்சிப் புள்ளியையும், மற்ற இரண்டும் உச்சிக்கு முன் 5 பாகையையும் 10 பாகையையும் குறிக்கும். கிராங்க் கப்பியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு எந்த முள்ளுக்கு நேராக வருகிறதோ அதுவே கிராங்கின் நிலை என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தக் காரில் இருந்த கப்பி அந்த எஞ்சினோடு பிறந்ததன்று. உள்ளே ஒரு நடுப்பகுதி, வெளியே பெல்ற் ஓடும் வளையம், இரண்டுக்கும் இடையே ஒட்டப்பட்ட ரப்பர் என்ற அமைப்புடைய, வேறோர் ஏ-சீரிஸ் எஞ்சினின் கப்பியை எப்போதோ ஒருவர் பூட்டியிருந்தார். இவ்வகைக் கப்பியில் ரப்பர் முதிர்ந்து ஒட்டு விட்டால், சாவி போட்டு இறுக்கிய நடுப்பகுதி கிராங்கோடு சரியாக நிற்க, வெளி வளையம் மட்டும் வழுகும். குறி இருப்பதோ வெளி வளையத்தில். கப்பி தள்ளாடாமல் ஓடுவதால் வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது.

பிஸ்ரன் உச்சியில் இருக்கிறதா என்பதைப் பிளக் துவாரத்தினூடாக ஒரு கம்பியை விட்டுத் தீர்மானிப்பது போதாது. உச்சியை அண்டியதும் கிராங்க் பல பாகைகள் திரும்பினாலும் பிஸ்ரன் ஏறக்குறைய அசையாமலே நிற்கும். கம்பியின் உயரத்தைக் கண்ணால் பார்ப்பவருக்கு அந்தப் பாகைகள் முழுவதுமே உச்சியாகத் தோன்றும். ஆகவே தடுப்பு முறையையே கையாண்டோம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து அகற்றி, அதன் 14 மில்லிமீற்றர் மரையுள்ள உடலில் முனை மழுக்கிய போல்ற் ஒன்றை இறுக்கி, முதலாம் சிலிண்டரின் துவாரத்தில் பூட்டினோம். மற்ற மூன்று பிளக்குகளும் வெளியே. பற்றரி வயர் கழற்றப்பட்டது, ஸ்ராட்டரை யாரும் தவறியும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. பிறகு ஸ்ராட்டிங் ஹாண்டிலால் மிக மெதுவாக, விசை கொடுக்காமல், பிஸ்ரன் போல்ற்றில் மெல்ல முட்டும்வரை முன்பக்கமாகத் திருப்பி, நீளமான முள்ளுக்கு நேரே கப்பி விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு இட்டோம். ஹாண்டில் முன்பக்கம் மட்டுமே பிடிக்கும் என்பதால், மேல் கியரில் போட்டுக் காரைப் பின்னே தள்ளி எதிர்ப்பக்கமாகத் திருப்பி, மறுபடி முட்டிய இடத்தில் இன்னொரு கோடு இட்டோம். இரண்டு கோடுகளுக்கும் சரி நடுவே இருப்பதுதான் உண்மையான உச்சிப் புள்ளி. பிஸ்ரனின் உயரத்தைக் கண்ணால் கணிக்கத் தேவையே இல்லாதபடி, இரு பக்கமும் சம உயரத்தில் முட்டியது என்ற ஒரே உண்மையை வைத்து உச்சி கிடைத்துவிடுகிறது. இந்த வேலையின் மிகவும் நம்பிக்கைக்குரிய பகுதி இதுவே.

கப்பியின் விளிம்பைச் சுற்றி ஒரு கடதாசி நாடாவை ஒட்டி அளந்தால் சுற்றளவு 396 மில்லிமீற்றர். அதை 360 ஆல் வகுத்தால் பாகைக்கு 1.1 மில்லிமீற்றர். உண்மையான உச்சிக் கோட்டுக்கும் கப்பியில் வெட்டியிருந்த பழைய குறிக்கும் இடையே 6.5 மில்லிமீற்றர் இருந்தது. அதாவது ஏறக்குறைய 6 பாகை. பழைய குறி சுழற்சியில் பின்தங்கியிருந்தது. பிஸ்ரன் உண்மையில் உச்சியில் நிற்கும்போது பழைய குறி இன்னும் உச்சிக்கு 6 பாகை இருப்பதாகக் காட்டும். அந்தக் குறியை நம்பிக் கைநூலின் 3 பாகை அட்வான்ஸ் வைத்தவர் உண்மையில் உச்சி கடந்து 3 பாகையில் தீப்பொறி கொடுத்திருப்பார். முதற்தடவை கார் மந்தமாக ஓடியதற்கும் சூடு ஏறியதற்கும் விளக்கம் இதுவே; பிந்தி எரியும் கலவையின் வெப்பம் பிஸ்ரனைத் தள்ளுவதற்குப் பதிலாகச் சிலிண்டர் சுவருக்கும் எக்சோஸ்ற் பக்கத்திற்கும் போகிறது.

உண்மையான உச்சிக்குப் புதிய குறி இட்டபோது, அந்தக் கோட்டை வளையத்தில் மட்டும் நிறுத்தாமல், ரப்பரைக் கடந்து நடுப்பகுதிவரை ஒரே நேர்கோடாகப் பெயின்ற்றால் நீட்டினோம். வளையம் இன்னும் வழுகினால் கோடு ரப்பர் இருக்கும் இடத்தில் முறிந்து தெரியும்.

புதிய டிஸ்ரிபியூட்டர் தரும் அட்வான்ஸ்

டிஸ்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்கிறது. ஆகவே அதற்குள் நிகழும் ஒரு பாகை கிராங்கில் இரண்டு பாகை. லூக்காஸ் வகைகளில் எடைகள் தரக்கூடிய மிகக் கூடிய அட்வான்ஸ், டிஸ்ரிபியூட்டர் பாகையில், கேமின் அடிப்பகுதியில் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பழையதில் அந்த எண் துருவில் மறைந்துவிட்டது. புதியதில் 13 என்று இருந்தது, அதாவது கிராங்கில் 26. ஏ-சீரிஸ் எஞ்சின்களுக்கு வெற்றிடம் நீங்கலாக மொத்த அட்வான்ஸ் 30 பாகைக்கு அண்மையில் இருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 26 என்பதே தன்னளவில் அச்சமூட்டும் எண் அன்று.

அச்சமூட்டியது ஸ்பிரிங்குகள். லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர்களில் பெரும்பாலும் இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மெல்லியது ஒன்று தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். தடித்ததன் கொக்கி வளையம் சற்று நீண்டு தளர்வாக இருக்கும், எடைகள் ஓரளவு விரிந்த பின்னரே அது இறுகும். குறைந்த வேகத்தில் அட்வான்ஸ் விரைவாகவும் கூடிய வேகத்தில் மெதுவாகவும் ஏறுவதற்கான ஏற்பாடு அது. இந்த நகலில் இரண்டும் மெல்லிய ஸ்பிரிங்குகள், நீளமும் தடிப்பும் ஒன்றே. தண்டின் மேல் சுழலும் ரோட்டரை விரலால் திருப்பி விட்டால் அது திரும்பி வந்தது, ஆனால் கடைசி ஓரிரு பாகைக்குச் சோம்பலாக நின்று பின்னர்தான் வந்து சேர்ந்தது.

அளந்து பார்த்தோம். வெற்றிடக் குழாயைக் கழற்றிக் காபுரேற்றர் பக்கத் துவாரத்தை அடைத்து, பின்பக்கம் பாகை தெரிவுசெய்யக்கூடிய ரைமிங் லைற்றைப் பூட்டினோம். பழைய மொறிஸ் மைனர்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு பூமியிடப்பட்டிருக்கும். லைற்றின் சிவப்புக் கிளிப் பற்றரியின் நேர்முனைக்கு, கறுப்பு எதிர்முனைக்கு. உடலே எதிர்முனை என்று பழக்கத்தில் எடுத்துக்கொண்டால் லைற் பழுதாகிவிடும். புதிய, உண்மையான குறிப்படி கிடைத்தவை இவை. எஞ்சின் நின்ற நிலையில் மின்குமிழால் பார்த்தபோது தீப்பொறி உச்சிக்கு முன் 10 பாகை. ஐட்லிங்கில், நிமிடத்திற்கு 800 சுற்றில், 12. எடைகள் ஐட்லிங்கிலேயே நகரத் தொடங்கிவிட்டன. 1500 சுற்றில் 22. 2000 சுற்றில் 29. 2500 சுற்றிலேயே 36. அதற்கு மேல் 3500 வரை ஏற்றினாலும் அதே 36.

இந்த அளவுகளே முறைப்பாட்டின் மிச்ச இரண்டையும் விளக்கிவிடுகின்றன. கோட்டைப் பாதையில் மான்கள் குறுக்கே வரும் என்பதால் எவரும் வேகமாக ஏறுவதில்லை. வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றாமல், மறுபடி மிதித்து ஏறுவதே வழக்கம். அதாவது 2000 சுற்றை அண்டிய வேகம், முழு மிதி. அந்த இடத்தில் 29 பாகை, அதுவும் இடைவெளியைத் திருத்திய பின். ஏற்றத்தில் சிலிண்டர் நிறையக் கலவை நிரம்பியிருக்கும்போது அவ்வளவு முன்னதாகப் பற்றவைத்தால் நொக்கிங் வராமலிருக்க வழியில்லை. சூட்டில் உதைத்ததும் இதனோடு ஒட்டியதே: ஸ்ராட்டர் சுழற்றும் மெதுவான வேகத்திலும் தீப்பொறி 10 பாகை முன்னதாக வருகிறது, சூடான சிலிண்டரில் கலவை உடனே பற்றுகிறது, இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும் பிஸ்ரனைக் கீழே தள்ளுகிறது. உரிய ரைமிங் இருந்தால் ஸ்ராட்டருக்கு அந்தத் தண்டனை இல்லை.

ஐட்லிங் எங்கே உயர்கிறதோ அங்கே வைப்பது என்ற காது முறை ஏன் பொருந்தாது என்பதும் இதனால் தெளிவாகும். சுமையின்றி ஓடும் எஞ்சின் அட்வான்ஸ் கூடக்கூட வேகமாகவே சுழலும். அதற்கு நொக்கிங்கும் கேட்காது. சுமை ஏறும்போது எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சுமையில்லாத எஞ்சின் சொல்லாது. மெல்லிய ஸ்பிரிங் உள்ள டிஸ்ரிபியூட்டரில் இந்த ஏமாற்றம் இரட்டிப்பாகும்.

ரைமிங் வைத்த முறை

ஐட்லிங் எண்ணைத் தொடக்கமாகக் கொள்ளாமல், மொத்த அட்வான்ஸை முதலில் நிர்ணயித்து, ஐட்லிங்கில் என்ன வருகிறதோ அதை ஏற்பது என்று தீர்மானித்தோம். அசல் அல்லாத டிஸ்ரிபியூட்டர் பூட்டப்பட்ட எஞ்சினுக்கு இதுவே பாதுகாப்பான வழி என்பது என் உறுதியான கருத்து. எஞ்சினைச் சேதப்படுத்துவது சுமையிலும் வேகத்திலும் கூடிப்போகும் அட்வான்ஸ்தான். கைநூலின் நிலையான எண்ணோ, குறிப்பிட்ட ஸ்பிரிங்குகளும் குறிப்பிட்ட எடைகளும் உள்ள குறிப்பிட்ட டிஸ்ரிபியூட்டரை முன்வைத்து எழுதப்பட்டது.

ஸ்ராட் செய்வதற்கு முன், நின்ற நிலையிலேயே ஒரு தொடக்க நிலை வைக்க வேண்டும். நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளும் ஒன்று மூட மற்றது திறக்கத் தொடங்கும் தறுவாயில் அசையும்போது, முதலாம் சிலிண்டர் அமுக்கத்தின் உச்சியில் இருக்கிறது. இந்த எஞ்சினில் டிஸ்ரிபியூட்டரின் அடித்தண்டிலுள்ள பற்கள் நடுவிலிருந்து விலகி இருப்பதால், அது ஒரு நிலையில் மட்டுமே உட்காரும். கீழேயுள்ள ஓட்டுத் தண்டை யாரும் கழற்றித் திரும்பப் போட்டிருந்தாலொழியத் தலைகீழாகாது. ஆனாலும் டிஸ்ரிபியூட்டரின் மூடியான பழைய கப்பில் முதலாம் வயர் இருந்த இடத்தைப் பார்த்துப் புதிய கப்பிலும் அதே பக்கம் வயரைச் செருகக் கூடாது. இரு வகைக்கும் கப் நிற்கும் கோணம் வேறாக இருக்கலாம். ரோட்டர் எந்த முனையைப் பார்க்கிறதோ அதுவே முதலாவது. அங்கிருந்து, ரோட்டர் இடஞ்சுழியாகச் சுழல்வதால், இடஞ்சுழியாகவே வயர்களின் வரிசை 1, 3, 4, 2.

12 வோல்ற் மின்குமிழின் ஒரு வயரைக் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் தொடுத்து, இக்னிஷன் போட்டால், பொயின்ற் மூடியிருக்கும்வரை குமிழ் அணைந்திருக்கும், திறக்கும் கணத்தில் எரியும். கிராங்கை உச்சிக்கு முன் 4 பாகையில் நிறுத்தினோம். இங்கே கவனம் ஒன்று வேண்டும். கிராங்கை எப்போதும் எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்பிக் குறிக்குக் கொண்டுவர வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் சிறிது பின்னே திருப்பிச் சரிசெய்வது கூடாது. நன்றாகப் பின்னே கொண்டுபோய் மறுபடி முன்னே வர வேண்டும். ரைமிங் செயினின் தளர்வும் ஓட்டுப் பற்களின் இடைவெளியும் ஒரே பக்கம் இழுபட்டு நின்றாலே அளவு உண்மையானதாக இருக்கும். பிறகு டிஸ்ரிபியூட்டர் உடலை இடஞ்சுழியாக, அதாவது ரிற்றாட் பக்கமாக, குமிழ் அணையும்வரை கொண்டுபோய், அங்கிருந்து வலஞ்சுழியாக மெல்லத் திருப்பி, குமிழ் பளிச்சென்று எரிந்த இடத்தில் நிறுத்தி இறுக்கினோம். ரோட்டர் இடஞ்சுழியாகச் சுழலும் எஞ்சினில் உடலை வலஞ்சுழியாகத் திருப்புவதே அட்வான்ஸ் என்பதை நினைவில் வைத்தால் குழப்பமில்லை.

பழைய 25டி4 இல் விரலால் திருகும் ஒரு சிறு நட் இருந்தது. 11 கிளிக் திருகினால் ஏறக்குறைய ஒரு பாகை. புதியதில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு சிறு மாற்றத்திற்கும் கிளாம்பைத் தளர்த்தி உடலைக் கையால் திருப்ப வேண்டியிருக்கிறது. கிளாம்பை இறுக்கும்போது உடலும் அதோடு சற்றே இழுபடும் என்பதால், இறுக்கிய பின் எடுத்த அளவையே அளவாகக் கொண்டோம்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, 3500 சுற்றில் பிடித்து லைற்றால் பார்த்தபோது உச்சிக்கு முன் 30. ஐட்லிங்கில் 6. எதிர்பார்த்தபடியே கணக்கு ஒத்துவந்தது. நின்ற நிலை 4, அதோடு எடைகளின் 26.

ஓட்டிப் பார்த்தது

ஓட்டப் பரிசோதனையை நடுப்பகலில், கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நேரத்தில் வைத்துக்கொண்டது வேண்டுமென்றே. எஞ்சினுக்குள் போகும் காற்று சூடாக இருக்கும்போதுதான் நொக்கிங் எளிதில் எழும். மார்கழி மழையில் சரியாக ஓடும் ரைமிங் ஆனி ஆடியில் சத்தமிடுவதுண்டு. தாங்கியில் இருந்தது 92 ஒக்ரேன் பெற்றோல். சூடான எஞ்சினை நிறுத்திக் காத்திருந்து திரும்ப ஸ்ராட் செய்தபோது உதை இல்லை. சீனக்குடா பக்கமாகக் கந்தளாய் வீதியில் ஓடியபோது இழுவை நன்றாக இருந்தது, சூடும் நிலையாக நின்றது. கோட்டைப் பாதையில் மேல் கியரில் மிதித்து ஏறியபோது மட்டும், மிக மெல்லிதாக, கவனித்துக் கேட்டால் புலப்படும் அளவில் நொக்கிங் எழுந்து மறைந்தது.

இரு வழிகள் இருந்தன. நொக்கிங்கைக் கூடுதலாகத் தாங்கும் 95 ஒக்ரேன் பெற்றோல் போட்டால் அது நீங்குகிறதா என்று பார்த்தோம், நீங்கியது. ஆனால் உரிமையாளர் தாம் விரும்பிய பெற்றோலை அடிக்க இயலவேண்டும், ஒரு தடவை 92 அடித்ததற்காக எஞ்சின் துன்பப்படக் கூடாது. ஆகவே 92 க்கே பொருந்துமாறு மொத்த அட்வான்ஸை 28 க்குப் பின்னிழுத்தோம். நின்ற நிலை 2, ஐட்லிங் 4. கோட்டைப் பாதையில் சத்தம் அற்றுப்போயிற்று. இழுவையில் மாஸ்ரருக்கு வேறுபாடு தெரியவில்லை; எனக்கும் தெரியவில்லை. 2000 சுற்றில் இப்போது 21 பாகை, முன்பிருந்த 29 க்குப் பதிலாக. வெற்றிடக் குழாயைத் திரும்பப் பூட்டியதும் சமதரையில் சீராக ஓடும்போது அதன் அட்வான்ஸ் சேர்ந்து கொள்கிறது. சிக்கனத்திற்கு அது வேண்டும், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுமாறு சொல்பவர்களின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

ஸ்பிரிங்கை மாற்றி வளைகோட்டையே திருத்தலாமே என்று கேட்கப்படலாம். செய்யலாம். ஆனால் ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் ஒவ்வொரு வேகத்திலும் திரும்ப அளந்து பதிய வேண்டும். முளையை இடுக்கியால் வளைத்து ஸ்பிரிங்கை இறுக்கும் குறுக்குவழியை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், அளவு எங்கே போகும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. இந்தக் காருக்குப் பொருத்தமான வழி, தேய்ந்த பழைய 25டி4 க்குப் புதிய புஷ் போட்டு, எடைகளைத் துருநீக்கி, அதன் சொந்த ஸ்பிரிங்குகளோடு திரும்பப் பூட்டுவதே. மாஸ்ரர் அதை எறியாமல் வைத்திருந்ததால் அது இயலுவதாயிற்று. லேத் வேலைக்குக் கொடுத்திருக்கிறோம்.

பின்னர்

பொயின்ற் இடைவெளியைத் திரும்பப் பார்க்கக் கார் வந்தபோது 0.35 ஆகியிருந்தது, 0.38 க்கு வைத்து, ரைமிங்கையும் மொத்த அட்வான்ஸில் மறுபடி அளந்து 28 இல் உறுதிசெய்தோம். கப்பியில் இட்ட வெள்ளைக் கோட்டில் வளையப் பக்கம் நடுப்பகுதியிலிருந்து ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு விலகத் தொடங்கியிருந்தது. வளையம் இன்னும் வழுகிக்கொண்டிருக்கிறது என்பதால், அன்று நடுப்பகுதியில் உள்ள கோட்டை ஆதாரமாகக் கொண்டே அளவெடுத்தோம். ரப்பர் இல்லாத ஒரே துண்டுக் கப்பி ஒன்றைத் தேடிப் பெற்றுப் பூட்டிய பின், தடுப்பு முறையால் உச்சியை மீண்டும் பார்த்தபோது வெட்டும் நீள முள்ளும் ஒன்றுக்கொன்று நேராக நின்றன. 28, 2, 4 என்ற மூன்று எண்களும், அவை எந்த டிஸ்ரிபியூட்டருக்கு, எந்தப் பெற்றோலுக்கு என்பதும் பொனெற்றின் உட்புறத்தில் பெயின்ற்றால் எழுதப்பட்டுள்ளன. பழைய 25டி4 திரும்பி வந்து பூட்டப்படும் நாளில் அந்த எண்கள் அழிக்கப்பட்டு, புதிதாக அளந்தவை எழுதப்படும்.